அழித்துவிட்டேன் என்று சொன்ன படங்கள்

எங்கள் ஊரில் போட்டோ எடுக்க வந்த ஆளை யாரும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கம்பெனிகளுக்கு நிலம் எடுப்பதற்கு முன்னால் பேண்ட் போட்ட மூன்று பேர் வந்து, கிணறு, மோட்டார் கொட்டகை, புளியமரம், வீட்டு வாசல் என்று ஒன்றுவிடாமல் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எதற்கு என்று கேட்டால் “சும்மா ரெக்கார்டுக்கு” என்றார்கள். அடுத்த மழைக்குள் நோட்டீஸ் வந்துவிட்டது. அதற்கப்புறம் தெருவில் யாராவது கேமராவோடு நடந்தால் பெண்கள் கோழியைக்கூடக் கூடை போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் நான் போட்டோ எடுப்பதைத் தொழிலாகச் செய்தேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். நீளமாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுவேன்.

ஐந்தாவது முடிக்கிற சமயம், பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் மூன்று கால் வைத்த பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நான் உயரமான பெண் ஒருத்தியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். படம் வந்தபோது என் தலை வகிடு மட்டும்தான் தெரிந்தது. டீச்சர் திட்டினார். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மனிதர் தலையைப் போர்த்திக்கொண்ட கறுப்புத் துணியை. அவர் எங்கள் எல்லாரையும் பார்க்கிறார், அவரை யாரும் பார்க்க முடியவில்லை. கொடுத்து வைத்த ஆள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அப்புறம் கல்யாணம், கழனி, பிள்ளைகள். நாற்பது வருஷத்துக்கு அந்த நினைப்பே இல்லை.

நிலம் போன பிறகு என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். இரண்டாயிரத்து ஆறில் ஆயுத பூஜை அன்று அங்கே குலுக்கல் நடத்தினார்கள். எல்லாருக்கும் டிபன் கேரியர், இவருக்கு மட்டும் ஒரு கேமரா. ரோல் போடுகிற கேமரா. வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு அதைத் தொடாமல் பார்த்தார்.

“சும்மா குடுப்பானா? கேட்டுல யாரு இன்னா தூக்கினு போறான்னு படம் புடிச்சுக் குடுன்னு நாளைக்குக் கேப்பான். நான் மாட்டேம்பா” என்றார்.

“பேசாம திருப்பிக் குடுத்துடுங்க.”

“திருப்பிக் குடுத்தா சந்தேகப்படுவான்.”

அதனால் கேமரா பீரோவுக்குள் போனது. என் பட்டுப் புடவைக்கு அடியில். அவர் ஷிப்டுக்குப் போன பிறகு நான் எடுத்துப் பார்ப்பேன். ரோல் கிடையாது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று, அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்ப்பேன். எதிர் வீட்டம்மா முறத்தில் அரிசி புடைப்பாள், ஓரக்கண்ணால் பக்கத்து வீட்டைப் பார்ப்பாள். வெறும் கண்ணால் பார்த்தபோது அந்த ஓரக்கண் எனக்குத் தெரிந்ததே இல்லை.

முதல் ரோலை வாலாஜாபாத் போய் வாங்கினேன். ஸ்ரீபெரும்புதூரில் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கடைக்காரரிடம் அக்கா பிள்ளைக்கு என்று பொய் சொன்னேன். எனக்கு அக்காவே இல்லை. அந்த ரோலில் எடுத்ததெல்லாம் நம்மைத் திரும்பிப் பார்க்காத பொருள்கள்தான். துவைக்கிற கல், பூசணிக்காய், வரிசையாக நிற்கிற கம்பெனி பஸ்களின் பின்பக்கம். கழுவுவதற்கு வாலாஜாபாத்தில் லேப் இல்லாததால், வேறு வழியில்லாமல் ஸ்ரீபெரும்புதூர் கலர் லேபில் கொடுத்தேன். முப்பத்தாறில் பதினொன்று தேறியது. லேப்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு மனுசங்ககூட இல்லியேம்மா. இன்சூரன்ஸுக்கா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூன்று அறை கட்டியிருந்தோம். தெற்கத்திப் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். தென்காசி, சங்கரன்கோவில், அருப்புக்கோட்டை. ஒரு அறைக்கு நான்கு பேர். காலையில் ஒரு பஸ் கொண்டுவந்து விடும், ஒரு பஸ் ஏற்றிக்கொண்டு போகும். அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெற்றவர்களை விட்டு இத்தனை தூரம் வந்த பெண்கள், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். காலையில் கோலம் போடும் சாக்கில் அறை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். ஒரு வாசலில் எட்டுக்கு மேல் இருந்தால் அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடாது.

ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருப்புக்கோட்டைப் பெண் ஒருத்தி நேராக என்னைப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, எங்களையா படம் எடுக்கீங்க? எங்க வீட்டுக்கு அனுப்புததுக்கா?”

கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன். “இல்லம்மா. ரோலே இல்ல” என்றேன்.

“ரோலு இல்லாம எதுக்குப் பாக்கீங்க?”

அவள் விடவில்லை. மற்ற பெண்களைக் கூப்பிட்டுவிட்டாள். நான் உளவு பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக, அடுத்த நாள் ரோல் வாங்கிப் போட்டு, அவர்களையே துவைக்கிற கல்லில் உட்கார வைத்து எடுத்துக் கொடுத்தேன். நான் எடுத்த முதல் மனித முகங்கள் அவை.

அதற்குப் பிறகு அவர்களே வந்து கேட்டார்கள். ஐடி கார்டுக்கு, பேங்குக்கு, ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால் அனுப்புவதற்கு. டவுனில் ஸ்டுடியோ இருந்தது. அங்கே போட்டோ எடுப்பவர் தலையைச் சாய், தோளை இறக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து முகவாய்க்கட்டையைத் தொட்டுத் திருப்புவாராம். “தொடுததுக்குன்னே சாய்க்கச் சொல்லுதாரு” என்றாள் ஒருத்தி. நான் யாரையும் தொடமாட்டேன். தொடுவது இருக்கட்டும், பேசவே மாட்டேன். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கேமராவைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சிரிப்பு விறைத்துப்போகும். நான் இன்னும் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே அலுத்துப்போகும். அந்த அலுப்பு வருகிற நிமிஷத்தில் முகம் தன்னுடைய முகமாகிவிடும். அப்போது அமுக்குவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றதில் வந்தது.

அவர்களுக்கு இருந்த பயம் வேறு. “நெகட்டிவ் யாருட்ட இருக்கும்?” என்று முதலில் கேட்டவள் அந்த அருப்புக்கோட்டைப் பெண்தான். ஸ்டுடியோவில் நெகட்டிவ் கொடுப்பதில்லை. அதை வைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எனக்கு அது நியாயமான சந்தேகமாகப் பட்டது. அன்றிலிருந்து படத்தோடு நெகட்டிவையும் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். அவர்கள் அதைக் கைக்குட்டையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள். ஒரு நெகட்டிவ் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் படம் சொந்தம். இதுதான் என் கணக்கு.

இந்த ஒரு காரணத்துக்காகவே என் பேர் வெளியே போனது. ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்களிலிருந்து வார்டன் அம்மாக்கள் கூப்பிட்டார்கள். ஊருக்குள் சடங்கு, வளைகாப்பு என்று ஆண்கள் உள்ளே வரக்கூடாத இடங்களுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் சொல்வார், “கேமராவ மாட்டிகினு தெருத்தெருவா போறியே, நாளைக்கு எவனுக்காவது மிச்ச நெலமும் போச்சுன்னா உன்னத்தான் வந்து புடிப்பான், பாத்துக்கோ.”

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் ரோல் கிடைப்பது குறைந்துபோனது. லேப்காரரே ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்து வைத்தார்.

“இதுல நெகட்டிவ் எங்க?” என்றேன்.

கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு கார்டைக் கழற்றிக் காட்டினார். “இதான்மா எல்லாம்.”

“இதுல இருக்கறத அழிச்சா?”

“போச்சு.”

“நிஜமா?”

“அய்ய, நீ ஒரு ஆளும்மா” என்று ஒரு படத்தை எடுத்து, குப்பைத் தொட்டி போட்ட பொத்தானை அமுக்கிக் காட்டினார். திரையில் ஒன்றுமில்லை. நான் முன்னால் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. சரி என்று வாங்கிக்கொண்டேன்.

முறை கொஞ்சம் மாறியது. படம் எடுப்பேன். கார்டை லேபுக்குக் கொண்டுபோவேன். பிடித்ததைப் பிரிண்ட் போட்டு வாங்கி வருவேன். அப்புறம் அந்தப் பெண்ணின் கையிலேயே கேமராவைக் கொடுப்பேன். அவளே பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். சுற்றி நின்று மற்றவர்கள் பார்ப்பார்கள். “போச்சா?” என்று ஒருத்தி கேட்பாள். “போச்சு” என்பாள் இவள். அதற்குப் பிறகுதான் எனக்கும் சோறு இறங்கும். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நடு அறையில் இருந்தாள். காருக்கு வயர் பின்னுகிற கம்பெனியில் வேலை. என்னைப் போலவே அவளும் யாரையும் நம்பமாட்டாள். தேங்காயெண்ணெய் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவாள். பால் பாக்கெட்டை வாங்கினால் தூக்கிக் கனம் பார்ப்பாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும். அவளுக்குத் தூத்துக்குடியில் ஒரு இடம் கூடி வந்தது. படம் கேட்டார்கள். ஏழு எடுத்தேன். நேராகப் பார்க்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பிரிண்ட்தான் போட்டோம். ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு, ஒன்று அவள் அப்பாவுக்கு. ஏழையும் அவளே அழித்தாள். மாப்பிள்ளை வீட்டில் பிடித்துப்போய்த் தை மாதம் நிச்சயம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மார்கழியில் ஒரு காலை, ஷிப்டு முடிந்து வந்தவள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, எம் படத்த யாருக்குக் குடுத்திய?”

“எந்தப் படம்?”

“கூட்டு ரோட்டுல போர்டுல நிக்கேன். மாப்ளயோட அத்தான் லாரி ஓட்டுதாரு. லோடு எறக்க வந்த எடத்துல பாத்து, செல்லுல புடிச்சு ஊருக்கு அனுப்பிட்டாரு. ஒங்க பொண்ணு டீக்கடை வாசல்ல நிக்கா, போறவன் வாரவன்லாம் பல்லக் குத்திக்கிட்டுப் பாக்கான்னு எங்கப்பாட்ட கேக்காக. நிச்சயத்த நிப்பாட்டிட்டாக.” அவள் அழவில்லை. “வித்துட்டியளா?”

நான் இல்லை என்றேன். அந்த ‘இல்லை’ எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் விஷயம் மூன்று அறைக்கும் போய்விட்டது. வெளியே கிடந்த செருப்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. மறுநாள் ஒரு ஹாஸ்டல் வார்டன் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிட்டது. என் வார்த்தையை நம்பித்தான் எல்லாரும் என் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த வார்த்தையும் போய்விட்டது.

நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டேன். முதலில் அவளோடு தங்கியிருந்த பெண்ணை. அந்த வாரம்தான் புதுச் சுடிதார் போட்டிருந்தாள். அப்புறம் மாப்பிள்ளை வீட்டையே. நிறுத்துவதற்கு ஒரு சாக்கு வேண்டி அவர்களே செய்தார்களோ என்று. அப்புறம் என் வீட்டுக்காரரை. ஒரு முறை பிரிண்ட் கவரை லேபிலிருந்து அவர்தான் வாங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தார். “நாப்பது வருசமா கூட இருந்துகினு கீறேன். என்னப் பாத்தா இத்தக் கேக்கற?”

“கவர நீங்கதான வாங்கினு வந்தீங்க.”

“வாங்கினு வந்தேன். தொறந்துகூடப் பாக்கல. பொண்ணுங்க படத்தப் பாத்தேன்னு தெரிஞ்சா நீ சும்மா வுடுவியா?” என்று கை கழுவப் போய்விட்டார். அது உண்மைதான். விட்டிருக்கமாட்டேன்.

அன்று சாயங்காலம் அவரும், நானும், அந்தப் பெண்ணுமாகக் கூட்டு ரோட்டுக்குப் போனோம். பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் மூங்கில் கட்டிப் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். பெண்கள் உடனடித் தேவை, தங்கும் இடம் சாப்பாடு இலவசம் என்று கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவர் வைத்தது. ஏதோ ஒரு உடம்பு, நீல யூனிபார்ம். கழுத்துக்கு மேல் இவள் முகம். ஒரு ஆள் உயரத்துக்கு முகம் மட்டும் இருந்தது.

நான் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன். பிளெக்ஸில் இருந்தவள் நேராகப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடது பக்கம் திரும்பி, யாரிடமோ ஏதோ கேட்கப் போகிற மாதிரி உதடு பிரிந்திருந்தது. அது எனக்கு ஞாபகம் இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தெருவில் கீரைக்காரி கூவினாள். இவள் திரும்பினாள். அது ஆறாவது படம். பிரிண்ட் போடாத படம்.

“இது நீ அனுப்புன படமில்லம்மா” என்றேன்.

அவளும் பார்த்தாள். “ஆமா. இத நாந்தான் அழிச்சேன். எங் கையால அழிச்சேன்.”

“பிரிண்ட் வெச்சிருந்தவங்க யாருகிட்டயும் இது இருக்காது. ரூமு பொண்ணும் இல்ல, மாப்பிள்ள வூட்டுலயும் இல்ல.”

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நானும் இல்ல” என்றார்.

நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம். அழிப்பதற்கு முன்னால் அந்தக் கார்டு என் கையை விட்டுப் போன இடம் ஒன்றே ஒன்றுதான், லேப். ஆனால் கார்டு திரும்பி வந்துவிட்டதே, அதில் ஏழு படமும் இருந்ததே, நாம்தானே அழித்தோம் என்று நான் குழம்பினேன். அந்தப் பெண்தான் சொன்னாள். கம்பெனியில் ஒருத்தி செல்லிலிருந்து இன்னொருத்தி செல்லுக்குப் பாட்டு அனுப்புவார்களாம். அனுப்பினவளிடமும் பாட்டு இருக்கும், வாங்கினவளிடமும் இருக்கும். “அப்படித்தாம்மா இதுவும். நீங்க இன்னும் நெகட்டிவ்னே நெனச்சிட்டிருந்தியளா?”

ஆமாம். மூன்று வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை லேப் திறக்கும்போதே போய் நின்றோம். நான் பேச வேண்டியதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. “அந்தப் படம்” என்று மட்டும் சொன்னேன்.

லேப்காரர் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “அதுவா? மாடியில பிளெக்ஸும் நம்மதுதானேம்மா. ஏஜென்ட் வந்து கேட்டாரு. நெட்டுல இருக்கறதெல்லாம் வடநாட்டு மூஞ்சியா கீது, நம்ம ஊரு மூஞ்சியா வேணும்னாரு. சிஸ்டத்துல இருந்துச்சு, டிசைன் பண்றவரு போட்டுட்டாரு. தப்பா ஒண்ணும் எழுதலியே.” அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ எடுத்ததாலதாம்மா போர்டு உசுரா கீது. கடை வெச்சவன் எடுத்தா இப்படி வராது.”

என் வேலையை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“காட்டுங்க” என்றாள் அவள்.

கம்ப்யூட்டரைத் திருப்பினார். மஞ்சள் நிறத்தில் ஒரு பை படம், அதன் கீழே ‘ஒரகடம் அம்மா’ என்று எழுதியிருந்தது. அதைத் திறந்தார். எல்லாரும் உள்ளே இருந்தார்கள். அழித்த எல்லாரும். கல்யாணமாகி ஊருக்குப் போனவர்கள், வேலையை விட்டுப் போனவர்கள், சடங்கு வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்த பெண் குழந்தைகள். அலுத்துப்போன நிமிஷத்து முகங்கள், வரிசை வரிசையாக. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. போச்சா, போச்சு என்று நாங்கள் வட்டமாக நின்று சொன்னபோதெல்லாம் இவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

“அழிங்க” என்றேன். இந்தத் தடவை சத்தம் வந்தது.

“அழிச்சுட்டாப் போச்சு. இதுக்கு ஏம்மா” என்று இரண்டு தட்டு தட்டினார். பை காணாமல் போனது. “போதுமா?”

அவள் வாசல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் நகரவில்லை. திரையின் மூலையில் குப்பைத் தொட்டி மாதிரி ஒரு சின்னப் படம் இருந்தது. வந்தபோது அது காலியாக இருந்தது. இப்போது அதில் கசக்கிய காகிதம் தெரிந்தது. வீடு பெருக்குகிறவளுக்கு இது தெரியாதா. தொட்டியில் போட்டால் வீடு சுத்தமாகும். குப்பை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

“அந்தத் தொட்டியில இன்னா இருக்குது?” என்றேன்.

லேப்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டுக்கொண்டு தொட்டியைத் திறந்தார். எல்லாரும் அங்கே இருந்தார்கள். அதைக் காலி செய்யச் சொன்னேன். காகிதம் மறைந்ததை நானும் அவளும் பார்த்தோம். “வேற எங்க இருக்குது?” என்றேன். மாடிக் கம்ப்யூட்டர் என்றார். மாடிக்கும் போனோம். “வேற?” என்றேன். ஒரு சிடி இருக்கிறது என்று அலமாரியிலிருந்து எடுத்தார். அவள் அதை வாங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். ஒரு துண்டு தெறித்து அவருடைய டீ டம்ளரில் விழுந்தது. “வேற?” என்றேன்.

“சாமி சத்தியமா வேற இல்லம்மா. நீ போலீசு வேலைக்குப் போயிருக்கணும்.”

சாமி சத்தியத்தை நான் நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிளெக்ஸை அன்றே இறக்கினார்கள்.

லேப் வாசலிலேயே நின்று அவள் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். நீங்களே சொல்லுங்க என்றாள். தெரிந்தவர்களிடமே போனில் எனக்குப் பேச வராது.

“யாரு பேசுதிய?” என்றது அந்தக் குரல்.

“பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லீங்க. படம் எடுத்தது நான். லேபுக்குக் குடுத்ததும் நான்தான். அவங்க கேக்காம போட்டுட்டாங்க. இப்ப எறக்கியாச்சு.”

“நீங்க யாருங்கேன்?”

வீட்டு ஓனர் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. “போட்டோகிராபர்” என்றேன். அந்த வார்த்தையை எனக்காக நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. வேறு யாருடைய தப்பாகவும் அது இருக்கக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

“பொம்பள போட்டோகிராபரா? இத யாரு நம்புவா? சொல்லிக் குடுத்து ஆளு வச்சுப் பேசச் சொல்லுதாளா?” போன் அறுந்துவிட்டது.

பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து படம் கொரியரில் திரும்பி வந்தது. அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. நான் நடந்ததைக் கண்டுபிடித்தேன், என்ன பிரயோஜனம். அவளுக்குப் போனது போனதுதான். அறையைக் காலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது நானாகக் கேட்டேன்.

“வேற எங்க போனாலும் இதே கததான்” என்றாள். “இங்கனயாவது யாரு செஞ்சான்னு தெரியும்.”

ஒரு வருஷம் கேமராவைத் தொடவில்லை. கூப்பிட்டவர்களும் குறைவு. கூப்பிட்டபோதும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இப்படி ஒரு பை இருந்தது என்று படம் எடுத்த அத்தனை பெண்களுக்கும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அறையில் இருந்தவர்களிடமும், போன் நம்பர் தெரிந்தவர்களிடமும் சொன்னேன். சிலர் திட்டினார்கள். அருப்புக்கோட்டைப் பெண் மட்டும், “அழிச்சீங்களா, பாத்தீங்களா, தொட்டியவும் பாத்தீங்களா?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, “சரி” என்றாள்.

பிறகு ஒரு நாள் சென்னைக்குப் போய் ஒரு சின்ன பிரிண்டர் வாங்கினேன். கம்ப்யூட்டரோடு வாங்கினால் நல்லது என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டர் வேண்டாம், கார்டை நேராகச் சொருகினால் படம் வர வேண்டும், வேறு எங்கேயும் வயர் போகக்கூடாது என்றேன். அப்படியும் ஒன்று இருந்தது. முன் அறையைச் சுண்ணாம்பு அடித்து, வெளியே ஒரு போர்டு வைத்தேன். ‘பெண்களுக்கு மட்டும் போட்டோ எடுக்கப்படும். படம் லேபுக்குப் போகாது.’

என் வீட்டுக்காரர் அதைத் தூரத்தில் நின்று படித்தார். “லேபுக்குப் போவாதுன்னு எவனாவது போர்டு வெப்பானா? ரத்தம் எடுக்கற எடம்னு நெனச்சிக்கினு சக்கரை வியாதிக்காரன்லாம் வரப் போறான்” என்றார். ஒருவர் நிஜமாகவே வந்தார். ஆனால் பெண்களும் வந்தார்கள். முதலில் ஒன்று இரண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே பெஞ்சு போட வேண்டியிருந்தது. எதிர் வீட்டம்மாகூடத் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். படம் எடுத்து முடித்த பிறகு, “நெலத்துக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தென்காசிப் பெண் மட்டும் வரவில்லை. அதே நடு அறையில் இருந்தாள், தினமும் போர்டைத் தாண்டிப் போனாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொள்ளும்போது வாசலில் நின்று பார்ப்பாள். உள்ளே வரமாட்டாள். அந்த வருஷ ஆவணியில் அவளுக்கு இன்னொரு இடம் வந்தது. செல்லில் எடுத்து அனுப்பச் சொன்னார்களாம். இவள் மறுத்துவிட்டாளாம். ஒரு காலையில் தலை குளித்து, மாம்பழ நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு முன் அறைக்குள் வந்தாள்.

ஸ்டூலில் உட்காரவில்லை. நேராக பிரிண்டருக்குப் போனாள். குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வயர். அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுவர் பிளக்கில் முடிகிறதா என்று பார்த்தாள். வயர் பின்னுகிற வேலைக்காரி. திரும்பி வந்து மூடியைத் தட்டினாள்.

“இதத் தொறங்க.”

திறந்தேன். உள்ளே காகிதமும் மை டப்பாவும்தான்.

“இதுக்குள்ள ஒண்ணு தங்காதா?”

“தங்காதுன்னு கடைக்காரர் சொன்னாரு.”

“அவரு சொன்னா?”

“அதான்” என்றேன். “எனக்கும் தெரியல.”

தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நான் வழக்கம்போல் நின்றேன். அவளுக்கு அலுப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். அவளுக்கு வரவில்லை. நான் கேமராவுக்குள்ளிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அவள் கேமராவைத் தாண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டிகள் போயின. அவள் திரும்பவில்லை. எனக்குத்தான் கை வலித்தது. அமுக்கிவிட்டேன்.

பிரிண்டரில் படம் மெதுவாக வெளியே வந்தது. முதலில் முடி, அப்புறம் நெற்றி, அப்புறம் கண். பொண்ணு பார்க்க அனுப்புகிற படத்தில் இப்படி ஒரு கண்ணை யாரும் வைக்கமாட்டார்கள். நீ யார், எங்கிருந்து வருகிறாய், உன்னை எப்படி நம்புவது என்று கேட்கிற கண்.

“இன்னொண்ணு எடுக்கலாம்மா. கொஞ்சம் சிரிச்ச மாதிரி” என்றேன். வாழ்க்கையில் யாரிடமும் சிரிக்கச் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன்.

அவள் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“வேண்டாம். இதயே அனுப்புதேன். பாக்கவுக கொஞ்சம் பயப்படட்டும்.”

கேமராவை வாங்கி அவளே அழித்தாள். போச்சா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிரிண்டர் மூடியை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். படத்தைக் கவரில் போடப் போனவள் நிறுத்தி, பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.